சனி ஒன்று, பெயர்ச்சி இரண்டு

இந்த ஆண்டு மார்ச் 6ஆம் திகதி சனிப்பெயர்ச்சி என்று திருநள்ளாறு தேவஸ்தானம் அறிவித்திருந்தது. சனி பகவான் கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போகிறார். ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இதில் ஒரு குழப்பம். போன வருஷம் மார்ச் 29ஆம் திகதியே அவர் மீனத்துக்குப் போயிட்டார் என்று சொல்லித்தானே அர்ச்சனை செய்தோம்? யூடியூப்பில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் கேட்டோமே? பிறகு எப்படி இன்னொரு தரம்?

விஷயம் இதுதான். எங்களிடம் இரண்டு பஞ்சாங்கம் இருக்கு. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை எடுத்துக்கொள்கிறது. வாக்கியம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் போட்ட கணக்கை வைத்தே இன்றைக்கும் சொல்கிறது. 2023இலும் இதே கதைதான்: திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. இரண்டு தடவையும் கிட்டத்தட்ட பதினொரு மாத வித்தியாசம். ஆனால் வானத்தில் இருக்கிற சனி ஒன்றே ஒன்றுதான்.

"மதநம்பிக்கை அறிவியலை வளர்த்ததா, தடுத்ததா?" என்ற பழைய கேள்விக்கு இந்தப் பதினொரு மாதத்தைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்காது என்பது என் எண்ணம். வழக்கமாக இந்த விவாதம் எப்படிப் போகும் என்று தெரியும்தானே. ஒரு பக்கம் கலிலியோவைக் கொண்டுவருவார்கள். மறுபக்கம் "எங்கட முன்னோர் எல்லாத்தையும் எப்பவோ கண்டுபிடிச்சிட்டினம்" என்பார்கள். இரண்டு பேரும் கத்திக் களைத்த பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்து போவோம். நான் சொல்ல வருவது வேறு. நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. கணக்கு பிழைத்தால் திருத்தலாம் என்று அந்த நம்பிக்கை அனுமதித்ததா என்பதுதான் முக்கியம்.

முதலில் நம்பிக்கைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று தெரிய வேண்டிய தேவை எதற்கு வந்தது? தர்ப்பணத்துக்கும், விரதத்துக்கும், முகூர்த்தத்துக்கும். அந்தத் தேவைக்காகத்தான் தலைமுறை தலைமுறையாக வானத்தைக் கணக்குப் போட்டார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை மிகவும் கெட்டித்தனமான ஒன்று. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து திரும்பும் சுழற்சி ஒன்பது முறை முடிய ஏறக்குறைய 248 நாள் ஆகும். ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு சின்னச் சொற்றொடராக மாற்றி மனப்பாடம் செய்துகொண்டார்கள். எழுத்துக்கு ஒரு எண். அந்தச் சொற்றொடர்கள்தான் 'வாக்கியங்கள்'. என்னைப் போல மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கையும் போடாமல், விடைகளை ஒரு அட்டவணையில் போட்டு வைத்து எடுத்துக்கொள்கிற அதே வேலை.

இது எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியாவின் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்து 'கால சங்கலித' என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார. அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, ஒரு எண்ணைக்கூட எழுதாமல், 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை. நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லை, காகிதம் இல்லை, சோழியும் ஞாபகமும் மட்டும்தான். இதைப் படித்துவிட்டு "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் ஒதுக்கித் தள்ள என்னால் முடியாது.

அந்தக் கணக்குக்குள் ராகு என்ற பாம்பு வந்து சந்திரனை விழுங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கணிதருக்கு ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கிரகணம் என்பது நிழல் என்று ஆரியபடர் கி.பி. 499இலேயே எழுதிவிட்டார். கோயிலில் பாம்பு, கணக்கில் நிழல். இரண்டும் ஒரே வீட்டில் சண்டை போடாமல் இருந்தன.

ஆனால் அந்தப் பிழைகளின் பக்கமும் பார்க்க வேண்டும். சந்திரனில் நிமிடக் கணக்கில் இருக்கும் பிழை, மெதுவாக நகரும் சனியில் மாதக் கணக்காகத் தெரியும். சூத்திரத்தில் சனியின் வேகம் ஒரு துளி பிசகியிருந்தால் பத்து வருஷத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆயிரம் வருஷத்தில் தெரியும். இன்றைக்கு வாக்கியச் சனிக்கும் வானத்துச் சனிக்கும் இடையில் ஏறக்குறைய 8 பாகை. முழு நிலவின் அகலம் அரைப் பாகைதான். பதினாறு நிலவுகளை வரிசையாக அடுக்கினால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார் பகவான்.

இதைத் திருத்த ஒருத்தரும் முன்வரவில்லையா? வந்தார்கள். அதுவும் நம்பிக்கைக்கு வெளியே இருந்து இல்லை, உள்ளே இருந்தே வந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில், நிளா நதிக்கரையில், பரமேஸ்வரன் என்ற நம்பூதிரி சுமார் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்தார். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற புதிய முறையை வகுத்தார். 'த்ருக்' என்றால் பார்வை. பார்த்துச் சரிசெய்த கணிதம் என்று பொருள். அவருடைய வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி, கணக்கைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியது அவசியம் என்று ஒரு நூல் முழுக்க வாதாடினார். இவர்கள் சந்தியாவந்தனம் தவறாத ஆட்கள். சாஸ்திரத்தைத் திருத்தினால் சாமி கோபிக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்னவென்று சாதாரண சனத்துக்கு விளங்குகிற மாதிரி சிறு நூல் எழுதினார். பஞ்சாங்கத்தை வானத்தோடு பொருத்தித் திருத்த வேண்டும் என்று கடைசிவரை பாடுபட்டார். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் 'திருக்கணிதம்' என்று போட்டிருந்தால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஈஸ்டர் பண்டிகையின் நாள் வசந்தத்தை விட்டு நழுவிக்கொண்டே போனதால்தான், 1582இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகரி நாட்காட்டியிலிருந்து பத்து நாட்களை வெட்டி எடுத்தார். அதே தேவைக்காகத்தான் இத்தாலியின் பொலோனா நகரப் பெரிய தேவாலயத்தில், 1655இல் காசினி கூரையில் துளை போட்டுச் சூரியனை அளந்தார். தேவாலயமே வானாய்வகமாக இருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் 1633 வருகிறது. அந்த ஆண்டில்தான் அதே திருச்சபை கலிலியோவை மண்டியிட வைத்தது. ஒரே மதம், ஒரே நூற்றாண்டு. நாளைத் திருத்த அனுமதி இருந்த இடத்தில் அறிவியல் வளர்ந்தது. வேத வசனத்தைத் தொடாதே என்ற இடத்தில் அது வாய் மூடியது.

இப்போது எங்கட ஊருக்கு வருவோம். 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல்வர் டானியல் பூவர். கணிதமும் நியூட்டனின் வானியலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச் 20இல் ஒரு சந்திர கிரகணம். அப்போது யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார். அவருடைய பஞ்சாங்கத்தில் இருந்த நேரமும் பூவர் போட்ட கணக்கும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் நிமிடக் கணக்கில்தான். ஆனால் ஊர் முழுக்க அதே பேச்சு. அந்த இரவு சனம் கூடி நின்று வானத்தைப் பார்த்தது. பூவரின் கணக்கே சரியாக வந்தது.

மிஷனரிகள் இதைத் தங்கள் மதத்தின் வெற்றியாகவே கொண்டாடினார்கள். புராணத்தின் பூகோளம் பிழை, ஆகவே சைவமும் பிழை என்பது அவர்களுடைய வாதம். ஆனால் நியூட்டனின் கணக்கு சரியாக வந்ததால் பைபிள் சரி என்று ஆகிவிடாது. சாஸ்திரியாரின் கணக்கு சில நிமிடம் பிசகியதால் சைவம் பிழை என்றும் ஆகாது. அந்த இரவில் வென்றது அண்மைக்காலத்தில் திருத்தப்பட்ட ஒரு அட்டவணை. தோற்றது நெடுங்காலமாகத் திருத்தப்படாத ஒரு அட்டவணை. அவ்வளவுதான். கடவுள்மார் இரண்டு பேரும் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. அந்தச் செமினரி படித்த சைவப் பிள்ளைகளாலும் கிறிஸ்தவப் பிள்ளைகளாலும் பேரெடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் 1855இல் அதை மூடிவிட்டார்கள். ஏன்? ஆங்கிலமும் அறிவியலும் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், எதிர்பார்த்த அளவு சுவிசேஷ வேலைக்கு ஆட்கள் வரவில்லை என்று மிஷனின் தலைமை கணக்குப் பார்த்தது. மதம் திறந்து வைத்த பள்ளிக்கூடத்தை மதமே பூட்டியது. மறுபக்கம், அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 1867இல் 'இரணவைத்தியம்' என்ற அறுவைச் சிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் வந்ததும் மதத்துக்காகத்தான். வளர்த்ததா, தடுத்ததா என்று ஒரே சொல்லில் கேட்டால், வட்டுக்கோட்டைக்கும் மானிப்பாய்க்கும் இடையிலேயே உங்களுக்கு இரண்டு விடையும் கிடைக்கும்.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் இராமானுஜனைக் கொண்டுவருவார்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார் என்று அவரே நம்பினார். உண்மைதான். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு யோசனை எங்கிருந்து வந்தது என்று அறிவியல் கேட்பதில்லை. கனவில் வந்தாலும் சரி, குளியலறையில் வந்தாலும் சரி. ஆனால் கேம்பிரிட்ஜில் ஹார்டி அவரிடம் நிரூபணம் கேட்டார். இன்றைக்கும் இராமானுஜனின் சூத்திரங்களைக் கணித உலகம் ஏற்பது தாயார் சொன்னதால் இல்லை, நிரூபித்துப் பார்த்ததால். அவருடைய சில சூத்திரங்கள் பிழை என்றும் தெரியவந்தது. அதனால் அவர் புகழுக்கும் குறைவில்லை, தாயாரின் மகிமைக்கும் குறைவில்லை.

"சரி தம்பி, ஒரு பஞ்சாங்கத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய கதை? சனம் கோயிலுக்குப் போகுது, ஒரு எள்ளுத் தீபம் ஏத்துது, அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். எள்ளுத் தீபத்தோடு எனக்குப் பிரச்சினை இல்லை. அதில் கிடைக்கும் ஆறுதலும் எனக்குத் தெரியும். புலம்பெயர்ந்து வந்த எங்கட சனத்துக்குக் கோயில் கொடுத்த தைரியத்தை எந்த அறிவியலும் கொடுத்திருக்காது. என் கவலை வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி மீனத்துக்கு வந்தால் மகர ராசிக்கு ஏழரை முடியும், மேஷ ராசிக்குத் தொடங்கும். திருக்கணிதப்படி அது 2025 மார்ச்சில் நடந்தது. வாக்கியப்படி 2026 மார்ச்சில். இடைப்பட்ட பதினொரு மாதம் மேஷ ராசிக்காரர் ஏழரைக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா? சனியின் பாதிப்பு அவ்வளவு பெரியது என்றால், எந்தப் பஞ்சாங்கம் பிழை என்று இந்நேரம் எல்லாருக்கும் வாழ்க்கையிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தருக்கும் தெரியவில்லை. இரண்டு திகதிக்கும் பரிகாரம் செய்தோம், இரண்டு திகதிக்கும் பலன் "சரியாகவே" இருந்தது. எந்த விடை வந்தாலும் சரி என்று சொல்கிற ஒரு சோதனையை, எங்கள் வேலையில் நாங்கள் சோதனை என்றே எடுக்க மாட்டோம். இந்த நம்பிக்கையில் ஒருவர் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறார், வீடு வாங்குவதைத் தள்ளிப் போடுகிறார். மனஅழுத்தத்தில் இருக்கும் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போகாமல் "ஏழரை முடியட்டும்" என்று காத்திருக்கிற வீடுகளும் இருக்கு. அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று, பிள்ளைகள். 2024 ஏப்ரல் 8ஆம் திகதி ஒன்ராறியோவில் சூரிய கிரகணம். நயாகராவில் முழுக் கிரகணம், ரொறன்ரோவில் மயிரிழை குறைவு. ரொறன்ரோ கல்விச் சபை அன்றைக்குப் பிள்ளைகளுக்கு லீவு வரும்படி நாட்களையே மாற்றியது. வகுப்பில் நிழலின் படம் வரைந்து, கண்ணாடியும் வாங்கி வைத்திருந்த பிள்ளைகளுக்கு வீட்டில் வேறு பாடம்: வெளியே போகாதே, சாப்பிடாதே, தண்ணீரில் தர்ப்பை போடு. கர்ப்பிணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. மற்றவற்றுக்கு ஆதாரம் இல்லை. "ஏன்?" என்று பிள்ளை கேட்டால், "கேள்வி கேட்காதே, அப்பிடித்தான்" என்பதுதான் விடை. அந்தப் பிள்ளை அன்றைக்கே சாப்பிடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். பத்து வருஷத்தில் கோயிலுக்கு வராமல் இருக்கவும் கற்றுக்கொள்ளும். அறிவியல் அதன் நம்பிக்கையைப் பறித்தது என்று பிறகு நாங்கள் குறைபடுவோம். உண்மையில் அதைக் கழற்றி விட்டது எங்கள் "அப்பிடித்தான்".

ஆகவே செய்யக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறேன். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

ஒன்று, இங்குள்ள கோயில்கள் தங்கள் நாட்காட்டியில் எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊருக்குக் கணித்தது என்று தெளிவாக அச்சிடட்டும். திதி முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் சூரியன் உதிக்கும் நேரம் யாழ்ப்பாணத்தில் வேறு, ஸ்காபரோவில் வேறு. யாழ்ப்பாணத்து ராகுகாலத்தை ரொறன்ரோ மணிக்கூட்டில் பார்ப்பதற்கு எந்தச் சாஸ்திரமும் இடம் கொடுக்கவில்லை.

இரண்டு, வாக்கியத்தை மரபாகப் பேணுவதென்றால் மரபு என்றே சொல்லுங்கள். "எங்கள் கோயில் வழக்கப்படி விழா இன்றைக்கு" என்றால் அது நேர்மையான சொல். ஒருவரும் மறுக்க முடியாது. "இன்றைக்குத்தான் சனி இடம் மாறுகிறார்" என்பது வானத்தைப் பற்றிய சொல். அதை வானத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று, பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். ரிச்மண்ட் ஹில் நகரில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 1935இல் திறந்த டேவிட் டன்லப் வானாய்வகம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில், சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்று டாம் போல்ட்டன் கண்டது அங்கிருந்த தொலைநோக்கியால்தான். கோயிலுக்குப் போகும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் அந்த வெள்ளைக் குவிமாடத்தை எட்டிப் பார்த்திருக்கிறோம்?

வருகிற ஆகஸ்ட் 27ஆம் திகதி வியாழக்கிழமை இரவு ரொறன்ரோவில் சந்திர கிரகணம். இரவு பத்தரை மணியளவில் நிலவின் ஓரத்தில் நிழல் ஏறத் தொடங்கும். நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறைந்திருக்கும். சந்திர கிரகணத்துக்குக் கண்ணாடி தேவையில்லை, கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வீட்டில் இருக்கும் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். அதில் போட்டிருக்கும் நேரத்தை ஒரு பக்கம் எழுதுங்கள், நிழல் தொட்ட நேரத்தை மறுபக்கம் எழுதுங்கள். பிறகு குளித்துவிட்டுச் சாமி கும்பிட வேண்டுமென்றால் தாராளமாகக் கும்பிடுங்கள். பரமேஸ்வரன் 55 வருஷமாகச் செய்ததும் இதைத்தான்.